ஒன்றுக்கு 42 கொடுத்தும் ஆள் இல்லை! ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் கணிப்பு கவிழ்வது எப்படி?

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 1990-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந்தேதி உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான குத்துச்சண்டை நடந்தது. ஒரு பக்கம் மைக் டைசன். 37 சண்டை போட்டு 37-லும் ஜெயித்தவர். அதில் 33 பேரை நாக்-அவுட் செய்தவர். எதிரே பஸ்டர் டக்ளஸ். ஏற்கனவே 4 தோல்விகளை பார்த்தவர்.

அமெரிக்காவின் லாஸ்வேகாஸ் நகரில் எதற்கு வேண்டுமானாலும் பந்தயம் கட்டலாம். ஆனால் அந்த ஊர் சூதாட்ட விடுதிகளே பெரும்பாலும் இந்த சண்டைக்கு பணம் வாங்கவில்லை. யார் ஜெயிப்பார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், இதில் என்ன பந்தயம் என்று விட்டு விட்டார்கள். மிராஜ் என்ற விடுதி மட்டும் துணிந்து கணக்கு திறந்தது. டக்ளஸ் மீது கட்டினால் ஒன்றுக்கு 42!

அதாவது டக்ளஸ் பேரில் 100 ரூபாய் கட்டி அவர் ஜெயித்தால் 4 ஆயிரத்து 200 ரூபாய் லாபம். டைசன் மீது கட்டியவர் கதையோ பரிதாபம். ஆயிரக்கணக்கில் கொட்டினால்தான் டீ செலவுக்கு தேறும்.

10-வது ரவுண்டில் டைசன் மல்லாந்து விழுந்தார். கழன்று போன பல் கவசத்தை தரையில் தடவித் தேடி, பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியேயுமாக கடித்துக்கொண்டு தள்ளாடி எழுந்தார். அதற்குள் நடுவர் எண்ணி முடித்து விட்டார்.

42 என்றால் என்ன?

பந்தயக்காரர்கள் போடும் இந்த எண்ணை பலரும் ஜோசியம் என்று நினைக்கிறார்கள். அது ஜோசியம் அல்ல, வியாபாரம். மிராஜ் விடுதியில் டக்ளசுக்கு முதலில் போட்ட விலை 27. பணம் எல்லாம் டைசன் பக்கமே வந்து குவிந்ததால் ஏறி ஏறி 42 ஆனது. எந்தப் பக்கம் பணம் கூடுகிறதோ அந்தப் பக்கம் லாபத்தை குறைப்பார்கள், மறுபக்கம் கூட்டுவார்கள். விடுதிக்கு கை கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். எனவே அந்த எண்ணில் வீரரின் பலம் பாதிதான் தெரியும். ஜனங்களின் நம்பிக்கை மீதி பாதி.

ஜனங்கள் எதைப் பார்த்து நம்பினார்கள்? 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் என்ற சாம்பியனை டைசன் 91 வினாடியில் சாய்த்தார். 1989-ல் கார்ல் வில்லியம்சுக்கு 93 வினாடி. இந்த இரண்டையும் பார்த்தவர்களுக்கு கண்ணில் வேறு எதுவும் படவில்லை.

முன்பே தெரிந்த அறிகுறிகள்

ஆனால் பார்க்க வேண்டியது நிறையவே இருந்தது.

டைசனை செதுக்கிய குரு கஸ் டமாட்டோ 1985-லேயே இறந்து விட்டார். அவர் வழியில் பயிற்சி கொடுத்து வந்த கெவின் ரூனியை டைசன் 1988 கடைசியில் நீக்கினார். புதிதாக வந்தவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. மனைவியுடன் விவாகரத்து வேறு. டோக்கியோ வந்த பிறகு பயிற்சி சண்டையில் கிரெக் பேஜ் என்பவர் விட்ட குத்தில் டைசன் கீழே விழுந்தார். இது ரகசியம் இல்லை, செய்தியாகவே வந்தது. படித்தவர்கள் பயிற்சிதானே என்று தள்ளி விட்டார்கள்.

டக்ளஸ் பக்கம் பார்ப்போம். உயரம் 6 அடி 3½ அங்குலம். டைசன் 5 அடி 10 அங்குலம்தான். கை நீளத்தில் டக்ளசுக்கு 12 அங்குலம் அதிகம், அதாவது முழுசாக ஒரு அடி. எட்டி நின்று இடது கையால் குத்திக்கொண்டே இருந்தால் டைசனால் உள்ளே புக முடியாது. இவ்வளவு வசதி இருந்தும் அவரை யாரும் ஏன் நம்பவில்லை என்றால், 1987-ல் டோனி டக்கருடன் நடந்த பட்டப் போட்டியில் நன்றாக ஆடிவிட்டு 10-வது ரவுண்டில் துவண்டு போனார். திறமை உண்டு, நெஞ்சில் உரம் இல்லை என்று அன்றே முத்திரை குத்தி விட்டார்கள்.

அந்த உரம் எப்படி வந்தது என்பதுதான் எந்தக் கணக்கிலும் சேராத விஷயம். சண்டைக்கு 23 நாள் இருக்கும்போது டக்ளசின் தாயார் லூலா பேர்ல் இறந்து போனார். என் மகன் டைசனை ஜெயிப்பான் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக் கொண்டிருந்தவர் அந்த அம்மா. சண்டையை தள்ளி வைத்துக் கொள்ளலாம் என்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டக்ளஸ் விமானம் ஏறினார்.

அன்று மேடையில் நடந்தது

முதல் ரவுண்டில் இருந்தே டைசன் முகத்தில் இடது கை குத்து விழுந்து கொண்டே இருந்தது. இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. கண் வீங்கினால் குளிரூட்டிய உலோகக் கட்டியை வைத்து அழுத்துவது குத்துச்சண்டையில் வழக்கம். டைசனின் ஆட்கள் அதைக்கூட எடுத்து வரவில்லை. ரப்பர் உறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி கண்ணில் ஒற்றினார்கள். எதிராளியை எவ்வளவு இளக்காரமாக நினைத்து வந்திருந்தால் இப்படி வருவார்கள்!

8-வது ரவுண்டு முடியும் நேரம். டைசன் கீழிருந்து மேலாக விட்ட ஒரே குத்தில் டக்ளஸ் விழுந்தார். எல்லோரும் இத்தோடு சரி என்று நினைத்தார்கள். டக்ளஸ் தரையை ஒரு முறை ஓங்கி குத்திவிட்டு, நடுவர் 9 எண்ணும்போது எழுந்து நின்றார். நடுவர் மெதுவாக எண்ணினார் என்று டைசன் தரப்பு பின்னால் பெரிய தகராறு செய்தது. பட்டம் யாருக்கு என்றே சில நாள் இழுபறி. கடைசியில் டக்ளசுக்கே என்று முடிவானது.

இன்னொரு கூத்து. 9 ரவுண்டு முடிந்தபோது 3 ஜட்ஜுகளின் மார்க்கை பாருங்கள். ஒருவர் டக்ளசுக்கு 88-82. இன்னொருவர் 86-86 சமம். மூன்றாமவர் டைசனுக்கு 87-86! டைசன் அடி வாங்கியதை உலகமே பார்த்தது. அப்படியும் ஒரு ஜட்ஜுக்கு டைசன்தான் முன்னால். நாக்-அவுட் விழாமல் இருந்தால் கதை எப்படி போயிருக்குமோ.

தராசு சொன்ன சேதி

டைசனுடன் மோதியபோது டக்ளசின் எடை 105 கிலோ. எட்டு மாதம் கழித்து, 1990 அக்டோபர் 25-ந்தேதி, அதே மிராஜ் விடுதியில் எவாண்டர் ஹோலிபீல்டுடன் பட்டத்துக்கு மோத வந்தார். சம்பளம் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர். தராசில் ஏறினால் கிட்டத்தட்ட 112 கிலோ! வயிறு தொங்கியது. 3-வது ரவுண்டில் ஒரே குத்தில் படுத்தார், எழவில்லை.

ஹெவிவெயிட் பிரிவில் இதுதான் சிக்கல். மற்ற பிரிவுகளில் எடை கூடினால் தகுதி போய்விடும் என்று பயந்தாவது வாயை கட்டுவார்கள். இங்கே மேல் வரம்பே கிடையாது. சண்டைக்கு முந்திய நாட்களில் எடை பார்க்கும் படத்தை பார்த்தாலே, ஆள் உழைத்தாரா விருந்து சாப்பிட்டாரா என்பது புரியும்.

2019-லும் இதே படம் ஓடியது. ஜூன் 1-ந்தேதி நியூயார்க்கில் ஆண்டனி ஜோசுவாவுடன் மோத இருந்தவர் ஊக்க மருந்து சோதனையில் சிக்கியதால், கடைசி நேரத்தில் ஆண்டி ருயிஸ் வந்தார். சதை பிதுங்கிய குண்டு உடம்பு, 121 கிலோ. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இந்த குண்டு உடம்போடுதான் அவர் எப்போதும் ஆடுவார், கையோ மின்னல் வேகம். 3-வது ரவுண்டில் முதலில் விழுந்தவர் ருயிஸ்தான். எழுந்து அதே ரவுண்டில் ஜோசுவாவை 2 முறை சாய்த்தார். 7-வது ரவுண்டில் மேலும் 2 முறை. சண்டையை நிறுத்தினார்கள்.

டிசம்பரில் சவுதி அரேபியாவில் மறுபடி மோதினார்கள். இந்த முறை ருயிஸ் 128 கிலோ. பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் பயிற்சியை கோட்டை விட்டதாக பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஜோசுவா எட்டி நின்றே குத்தி, புள்ளிக் கணக்கில் பட்டத்தை வாங்கிப் போனார். குண்டாக இருக்கிறாரா என்பதைவிட, போன சண்டைக்கு இந்த சண்டை எவ்வளவு கூடியிருக்கிறார் என்பதுதான் கேள்வி.

அவனை இவன் அடித்தான் கணக்கு

டீக்கடையில் அதிகம் பேசப்படுகிற கணக்கு இது. ராமுவை சோமு அடித்தான், சோமுவை பாபு அடித்தான், எனவே பாபுவுக்கு ராமு எம்மாத்திரம் என்பது.

1974 அக்டோபர் 30-ந்தேதி ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் (இப்போது காங்கோ ஜனநாயக குடியரசு) கின்ஷாசா நகரில் முகமது அலியும் ஜார்ஜ் போர்மேனும் மோதினார்கள். 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சி சண்டை போட்டாரே, அதே அலிதான். அப்போது அவருக்கு வயது 32, போர்மேனுக்கு 25. அலியை ஒரு முறை தோற்கடித்தவர்கள் ஜோ பிரேசியர், கென் நார்டன். அந்த இரண்டு பேரையும் போர்மேன் இரண்டே ரவுண்டில் முடித்திருந்தார். கணக்குப்படி அலி உயிரோடு திரும்பினால் போதும் என்று இருந்தது.

கயிற்றில் சாய்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டு அலி அடி வாங்கினார். போர்மேன் அடித்து அடித்தே ஓய்ந்தார். 8-வது ரவுண்டில் அலி திருப்பி அடித்தார், போர்மேன் விழுந்தார். நேராக உள்ளே வருகிற பிரேசியர் போர்மேனுக்கு வாகான ஆள். அலி வேறு ஜாதி ஆட்டம். யார் யாரை ஜெயித்தார் என்பதைவிட, எந்த ஆட்டம் எந்த ஆட்டத்துக்கு ஒத்து வராது என்று பார்த்தவர்கள்தான் அன்று பிழைத்தார்கள்.

ஒரு குத்து, ஒரு மார்க்

இத்தனையும் சரியாக பார்த்து சொன்னாலும் தப்பலாம். அதே போர்மேன் 1994-ல், 45 வயதில், மைக்கேல் மூரருடன் மோதினார். 9 ரவுண்டும் மூரர்தான் முன்னணி. ஜெயிப்பார் என்று சொன்னவர்கள் கணிப்பு அதுவரை முழுக்க சரி. 10-வது ரவுண்டில் வலது கையால் ஒரே குத்து, மூரர் அவுட்.

2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கும் டைசன் பியூரியும் மோதியதில் 9-வது ரவுண்டில் பியூரி அடி தாங்காமல் கயிற்றில் மோதி தள்ளாட, நடுவர் எண்ணினார். அதனால் பியூரிக்கு கூடுதலாக ஒரு மார்க் குறைந்தது. ஜட்ஜுகள் கொடுத்தது உசிக்குக்கு 115-112, 114-113, பியூரிக்கு 114-113. அந்த ஒரு மார்க் குறையாமல் இருந்தால் நடு ஜட்ஜின் சீட்டு 114-114 ஆகி, சண்டையே டிராவில் முடிந்திருக்கும்.

அதே 2024 நவம்பரில் டைசன் 58 வயதில் 27 வயது ஜேக் பாலுடன் மேடை ஏறினார். ஸ்பிங்க்சை 91 வினாடியில் சாய்த்த பழைய வீடியோ ஊர் முழுக்க சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு டைசன்தான் என்று சொன்னவர்களுக்கும் குறைவில்லை. 8 ரவுண்டு முடிந்ததும் 3 ஜட்ஜுகளும் பாலுக்கே கொடுத்தார்கள். ஒருவர் போட்ட மார்க் 80-72. ஒரு ரவுண்டு கூட டைசனுக்கு இல்லை.