நீரிணைக்குப் பெயர் தந்த குடும்பம்

புது தில்லியில் லக்ஷ்மிபாய் நகர் என்றதுமே ஜான்ஸி ராணியின் நினைவு எழுகிறது. ஆனால் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையேயுள்ள பாக் ஜலசந்தி யாருடைய பெயரைத் தாங்கியுள்ளது என்பதை அறிந்தோர் சிலரே. பாக்கு மரத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ராபர்ட் பாக், 1717-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பாதிரியாராக இந்தியா வந்த அவர், அத்தொண்டை விடுத்துக் கம்பெனி நிர்வாகத்தில் உயர்ந்து, 1763 முதல் 1767 வரை சென்னைக் கவர்னராக விளங்கினார். அவர் மனைவி ஆன், வங்காளக் கவர்னர் வான்சிட்டார்ட்டின் சகோதரி. இங்கே திரட்டிய பெருஞ்செல்வத்துடன் தாயகம் மீண்ட பாக், 1782-இல் பாரனெட் பட்டம் பெற்றார். தந்தைக்குப்பின் மைந்தன் ‘சர்’ என அழைக்கப்படும் பரம்பரைப் பட்டம் அது.

கம்பெனிப் படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அவருடைய ஆருயிர் நண்பர். தம் மகனுக்கும் லாரன்ஸ் என்றே பெயரிட்டார் பாக். அப்பெயர் வழிவழியாகக் குடும்பத்தில் வழங்கியது. மணம் புரியாத அந்நண்பர் 1775-இல் மறைந்தபோது, தம் செல்வத்தை பாக் குடும்பத்திற்கே விட்டுச் சென்றார். அவர் நினைவாக 1788-இல் பாக் எழுப்பிய கோபுரம் டெவனில் ஹால்டன் குன்றின்மீது இன்றும் நிற்கிறது.

1798-இல் ராபர்ட் பாக் காலமானார். அவருடைய கொள்ளுப்பேரன் 1880-இல் ஹால்டன் பிரபுவானார். எனினும் 1939-இல் வாரிசின்றி இரு பட்டங்களும் மறைந்தன. வம்சம் நிலைக்கவென்று பெற்ற பட்டம் நிலைக்கவில்லை. நம் மீனவர் வலை வீசும் கடலில்தான் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.