சனிக்கிழமை மேகம், ஞாயிற்றுக்கிழமை கடல்: அய்யம்பாளையத்தில் பைக் எடுத்தால் வழியெல்லாம் அதிசயம், தெரியுமா?

திண்டுக்கல் மாவட்டம், அய்யம்பாளையம். பழனி மலையின் அடிவாரம். சனிக்கிழமை விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் இங்கே பைக்கைக் கிளப்பினால், மதியச் சாப்பாடு கொடைக்கானலில். மறுநாள் சாயங்காலம் தனுஷ்கோடி மணலில்! கொடைக்கானலிலிருந்து தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை சுமார் 300 கிலோமீட்டர்தான். அந்த 300 கிலோமீட்டருக்குள் ஒளிந்திருக்கிற சங்கதிகளைக் கேட்டால் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாய் பிளப்பீர்கள்!

உங்களோடு ஓர் ஆறும் கடலுக்குக் கிளம்புகிறது, தெரியுமா?

அய்யம்பாளையம் என்றால் தென்னை. ‘அய்யம்பாளையம் நெட்டை’ என்று இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது! அந்தத் தோப்புகளுக்கு மேலே மலையிலிருந்து இறங்கி வருகிறது மருதாநதி. ஊரை ஒட்டி அதற்கு ஓர் அணையும் உண்டு. சின்ன ஆறுதானே என்று நினைக்காதீர்கள். இது வைகைப் படுகையைச் சேர்ந்தது. அதாவது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எந்தத் திசையில் போகப்போகிறீர்களோ, இந்தத் தண்ணீருக்கும் அதே திசைதான்!

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும், தெரியுமா?

சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறுகிறது பாதை. அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். கணக்குப் போட்டால் பதினோரு, பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதல்! கீழே வியர்த்துக்கொண்டு மடித்து வைத்த ஜாக்கெட்டைப் பண்ணைக்காட்டில் தேடுவீர்கள்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம்: நேர்ச்சாலையில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி ஓட்டலாம். கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டால் ஒற்றை வரிசைதான். வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும். ஆனால் குழுவிலேயே கைதேர்ந்தவர் கடைசியில் வர வேண்டும். பஞ்சர் ஆனாலும் யாராவது பின்தங்கினாலும் பார்த்துக்கொள்வது அவர்தானே! பொழுது சாய்வதற்குள் இந்தப் பாதையைத் தாண்டிவிடுங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு ஹாரன் அடித்துக்கொண்டு வராது!

பழனி பஞ்சாமிர்தம் இந்தப் பாதையோரத்தில் காய்க்கிறது, தெரியுமா?

தாண்டிக்குடி வட்டாரத்தில் காப்பிச் செடிக்கு நடுவே நிற்கிறதே மலைவாழை, அதுதான் விருப்பாச்சி. பஞ்சாமிர்தத்துக்கு உயிரே அந்தப் பழம்தான். 2008-இல் விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை!

அதே காட்டில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட கல்திட்டைகளும் இருக்கின்றன. நம் முன்னோர் இறந்தவர்களுக்கு எழுப்பியவை. செண்பகனூர் பாதிரியார் ஆங்லேடும் நியூட்டனும் இவற்றைத் தேடித் தேடி ஆராய்ந்து எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. அவர்களுக்கு ஏது பைக்?

கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், தெரியுமா?

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துவிடுகிறது. டீக்கடைப் பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும்! அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பையிலிருந்து எடுக்கும்போது புஸ்ஸென்று உப்பி நிற்கும்!

பைக்குக்கும் இதே மூச்சுத்திணறல்தான். கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட் மேலே வந்ததும் இழுவை குறைந்து முனகும். காற்று குறைகிற அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது, காரணம் அவ்வளவுதான். புது வண்டிகளில் சென்சார் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கொடுக்கிறது. புல்லட் என்றதும் இன்னொன்று: இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்தது. அங்கே தாய் நிறுவனம் மூடிப்போயிற்று. சென்னையில் இன்றுவரை வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது!

கொடைக்கானல் ஏரியின் முதல் படகு கடலோரத்திலிருந்து வந்தது, தெரியுமா?

அந்த ஏரி இயற்கையானது இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உருவாக்கியது. படகு? தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம்! அப்போது மலைக்கு மோட்டார் சாலையே கிடையாது.

ஊருக்கு மேலே சூரிய ஆய்வகம். 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகப் பாடப்புத்தகங்களில் அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர்!

இறங்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது, தெரியுமா?

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே வழி, இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டம்!

வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் இந்தச் சாலைக்கு மேஜர் லா என்ற ராணுவ அதிகாரியின் பெயர். டம்டம் பாறையில் நிறுத்தி எதிர்மலையைப் பாருங்கள். வெள்ளை நூலாகத் தொங்குகிறதே, அதுதான் தலையாறு அருவி என்கிற எலிவால் அருவி. 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது! அந்தத் தண்ணீர் மஞ்சளாற்றில் சேர்ந்து, வைகைக்குப் போகிறது.

வைகை கடலுக்குப் போகுமுன் கண்மாய்க்குப் போகிறது, தெரியுமா?

மதுரையைத் தாண்டினால் கீழடி. வைகைக் கரை நாகரிகம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-இல் தொல்லியல் துறை அறிவித்த இடம். அடுத்து மானாமதுரை. கச்சேரி மேடைகளில் கணீரென்று ஒலிக்கும் கடம் இந்த ஊர் மண்தான்! பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் வந்தால், ஆறு முதலில் பெரிய கண்மாயை நிரப்புகிறது. மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடும். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்தே தீர்ந்துபோகிற ஆறு!

பாம்பனில் காற்று ரயிலையே நிறுத்தியிருக்கிறது, தெரியுமா?

1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிவப்பு விளக்குதான் விழும்! பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல மேலே போகும்! நீங்கள் போவது 1988-இல் திறந்த சாலைப் பாலம். எதிரே பஸ் கடக்கும் கணத்தில் காற்று சட்டென்று நின்று, மறுகணம் பக்கவாட்டில் அறையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

தனுஷ்கோடி முனைக்குத் தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது, தெரியுமா?

எழும்பூரில் டிக்கெட் எடுத்து, இங்கே கப்பல் மாறி இலங்கை போன காலம் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ரயிலோடு ஊரையே கொண்டுபோனது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மணல்வெளிதான். இன்று அரிச்சல்முனை வரை பைக்கிலேயே போகலாம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா!

ஆறு கொண்டுபோன தண்ணீரைக் கடல் திருப்பிக் கொடுக்கிறது, தெரியுமா?

தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பழனி மலை மறைவுப் பிரதேசம். அதற்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் பக்கமிருந்துதான் வருகிறது. நீங்கள் மலையிலிருந்து கடலுக்கு ஓட்டினீர்கள். மேகம் கடலிலிருந்து மலைக்கு ஓட்டுகிறது! அந்த மாதங்களில் மண் சரியும், பாதை வழுக்கும். அப்போது சாலையை மேகத்துக்கே விட்டுவிடுங்கள். தை பிறந்ததும் கிளம்பலாம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மலையில் எறிவது எதுவும் மலையோடு நிற்காது, வைகை வழியாக ஊரெல்லாம் வரும்!