1926க்கும் 1927க்கும் இடையில்

இலங்கையில் மனம் உடைந்தவர் அழைக்க ஓர் இலக்கம் உண்டு: 1926. அது தேசிய மனநல நிறுவகத்தினுடையது. போதையிலிருந்து மீள நினைப்பவர் அழைக்க வேறோர் இலக்கம்: 1927. அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினுடையது. இரண்டும் தேவையான சேவைகள். அடுத்தடுத்த எண்கள், நடுவில் ஓர் எண்ணுக்குக்கூட இடமில்லை. ஆனாலும் எங்கள் கிழக்குக் கரையின் பொடியன்மார் பலர் விழுந்து கிடப்பது அந்த இடுக்கில்தான்.

சென்ற மார்கழியில் உறவினர் ஒருவருக்குத் துணையாக இந்தப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் காத்திருந்தேன். உளநலப் பிரிவுக்கு வெளியே ஒரே ஒரு வாங்கு. பக்கத்தில் ஓர் உம்மாவும் மகனும். மகனுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்கத் துடைக்க வேர்த்தது. அவர்கள் உள்ளே போனதும் கதைத்ததெல்லாம் வெளியே கேட்டது. கேட்கக் கூடாத கதைதான், ஆனால் அந்தக் கதவு சரியாகச் சாத்துப்படாது.

"குளிசை போடுறான் டொக்டர். வேலைக்கும் போறல்ல. கேட்டா ஏசுறான்," என்றார் உம்மா.

டொக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி, ராவையில எத்தனை மணிக்கு நித்திரை கொள்றீங்க?" என்று மகனைக் கேட்டார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சொன்னான்: "சின்னதில இருந்தே நித்திரை சரியில்ல டொக்டர். கடல் இரைஞ்சா எழும்பிருவன். நெஞ்சு அடிக்கும். குளிசை போட்டா மட்டும்தான் அடங்கும்."

"இத நீ என்னட்டச் சொல்லவே இல்லையே மனே," என்றார் உம்மா.

எங்கள் பக்கத்தில் தாழ்ந்த குரலில் 'குளிசை' என்றால் யாரும் பெனடோலை நினைப்பதில்லை. பொலிஸ் செய்திகளில் போதை மாத்திரை என்று வரும்போது அடிக்கடி அடிபடும் பெயர் பிரெகபலின். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மன் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் உருவாகி, 2004இல் சந்தைக்கு வந்த மருந்து அது. வலிப்புக்கும், நீரிழிவுக்காரரின் காலில் நெருப்பாய் எரியும் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். இதோடு 2006இல் ஐரோப்பாவில் இன்னொரு நோய்க்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த நோய் பதகளிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போதைக்கென்று தெருவில் கைமாறும் குளிசை, வைத்தியப் புத்தகத்தில் பதகளிப்பின் மருந்து. குதூகலத்துக்காகத்தான் வாங்குகிறான் என்று நாம் ஏசுகிற பொடியன், அமைதியை வாங்கிக்கொண்டிருக்கக் கூடும். அளவு தெரியாமல், துண்டு இல்லாமல், கேட்ட விலைக்கு.

நரம்பு முனைகளில் கல்சியம் நுழையும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. கல்சியம் உள்ளே வந்தால்தான் அந்த முனை அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்பும். பிரெகபலின் அந்த வாயிலின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. செய்திகள் குறைகின்றன, தலைக்குள் இருந்த இரைச்சல் தணிகிறது. வைத்தியர் எழுதிய அளவில் இது நிம்மதி. அள்ளிப் போட்டால் மயக்கம். தொடர்ந்து போட்டால் உடல் அந்தக் குளிசையோடு வாழப் பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் கிடைக்காமல் போனால் வேர்வை, நடுக்கம், உறக்கமின்மை, முன்பிருந்ததைவிடப் பெரிய பயம். அதைத் தாங்க முடியாமல் அடுத்த குளிசை. பிரித்தானியா 2019 ஏப்ரலில் இதைக் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஹெரோயின், டிராமடோல் வகை மருந்துகளோடு சேர்த்தால் மூச்சு அடங்கிப் போகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இதை வாசிக்கும் உம்மாமார் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நெடுநாள் போட்டவரின் குளிசையைப் பறித்து ஒரேயடியாய் எறியக் கூடாது, வலிப்பு வரலாம். வைத்தியரின் கையில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ஹெரோயினின் கதை இன்னும் தெளிவானது. குடு, தூள் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், ஈயத்தாளில் சூடாக்கி இழுக்கும் அந்தப் புகை போய்ச் சேரும் இடங்களில் ஒன்று மூளைத்தண்டிலுள்ள ஒரு சின்னஞ்சிறு நரம்புக் கூட்டம். லோகஸ் செருலியஸ் என்பார்கள், லத்தீனில் நீலப் புள்ளி என்று பொருள். உடலின் அபாய மணி அது. நோரட்ரினலினை இறைத்து இதயத்தை ஓடவைக்கும், கண்மணியை விரிக்கும், வேர்க்கவைக்கும். ஹெரோயின் இந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. ஹெரோயின் இறங்கியதும் கட்டு அவிழ்கிறது, மணி வெறிகொண்டு அடிக்கிறது. திடீர்ப் பீதி வரும் நோயாளிக்கு நடப்பதும் ஏறக்குறைய இதே. 'தூள் கேட்குதா, பயம் வந்திருக்குதா' என்று அந்த இளைஞனால் பிரித்துச் சொல்ல முடியாமல் போவதில் வியப்பில்லை. இரண்டையும் சொல்ல உடலுக்கு ஒரே நடுக்கம்தான் தெரியும்.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் வேறு வழியில் வருகிறது. டோபமைனைக் கொட்டி, நாட்கணக்கில் உறங்கவிடாமல், சந்தேகத்தையும் அச்சத்தையும் தானே கிளப்பிவிடுகிறது. முன்பு பயமே அறியாதவனும் ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்பதாகப் பார்ப்பான்.

மனிதர்கள் தங்கள் நோவுக்குத் தாங்களே மருந்து தேடித்தான் போதைக்குள் போகிறார்கள் என்ற கருத்தை 1985இல் விரிவாக முன்வைத்தவர் எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க உளநல வைத்தியர். எல்லோருக்கும் இது பொருந்தாது. கூட்டாளி நீட்டியதால் தொடங்கியவரும், கையில் காசு புரண்டதால் தொடங்கியவரும் இருக்கிறார்கள். ஆனால் எப்படித் தொடங்கினாலும் பிந்திய நாட்களில் இன்பம் வற்றிவிடுகிறது, நோவைத் தள்ளிப்போடுவதற்காகவே போதை தொடர்கிறது என்று நரம்பியலாளர் ஜோர்ஜ் கூப் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 2001, 2002 ஆண்டுகளில் அமெரிக்காவில் 43,000 பேருக்கு மேல் பேட்டி கண்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. போதைப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குப் பதகளிப்புக் கோளாறும் தனியாக இருந்தது. போதைப்பொருள் பழக்கத்துக்காகச் சிகிச்சை தேடி வந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 43. போதையினாலேயே வந்த பதகளிப்பைக் கழித்துவிட்டுச் சொன்ன எண்கள் இவை.

இனி எங்கள் கரையை நினைத்துப் பாருங்கள். மூத்தவர்கள் இன்றும் 78 சூறாவளியை வைத்துத்தான் வயது சொல்வார்கள். 1990இன் கொலைகளை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள், கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கியடித்து வாழும் சனம். அன்று ஐந்து, ஆறு வயதில் தென்னைமரத்தையோ வாப்பாவின் கழுத்தையோ கட்டிப்பிடித்துத் தப்பிய பிள்ளைகள்தான் இன்றைய இளைஞர்கள். 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குச் சில நாட்களின் பின், சாய்ந்தமருதில் இரவு முழுக்க வெடிச்சத்தம் கேட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு தேடுதல், பஸ்ஸில் ஏறினால் சந்தேகப் பார்வை. 2022இல் எரிபொருளும் இல்லை, வேலையும் இல்லை.

'நெஞ்சு பதகளிக்குது' என்று எங்கள் மூத்தம்மாமார் சொன்ன சொல்லைத்தான் இலங்கைத் தமிழ் உளமருத்துவம் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். அச்சத்தைச் சொல்ல எங்களிடம் சொல் இருந்தது, நூலும் இருந்தது. ஆனால் போதை என்ற பேச்சு வந்ததும் அந்தச் சொல்லை மறந்துவிடுகிறோம். 'விட்டானா, விடல்லயா?' என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

வைத்திய உலகமும் நெடுங்காலம் இப்படித்தான் கேட்டது. முதலில் போதையை விடு, மனதைப் பிறகு பார்ப்போம் என்பது பழைய விதி. அதில் ஒரு நியாயமும் இருந்தது. போதை இறங்கும் நாட்களில் வரும் பதகளிப்பு சில கிழமைகளில் தானாகவே தணியலாம், அவசரப்பட்டு நோய்ப் பெயர் வைத்துவிடக் கூடாது. ஆனால் பயம் முந்தியே இருந்தவரிடம் இந்த விதி மிகக் கொடுமையானது. அவரிடமிருந்த ஒரே ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு, நடந்து காட்டு, பிறகு காலுக்கு மருந்து தருகிறேன் என்பதுதான் அது.

அவுஸ்திரேலியாவில் கெத்தரின் மில்ஸ் குழுவினர் இந்த விதியைச் சோதித்தார்கள். அதிர்ச்சியின் வடுவும் போதைப் பழக்கமும் சேர்ந்திருந்த 103 பேர். ஒரு பகுதியினருக்கு வழமையான போதைச் சிகிச்சையோடு, அந்தப் பழைய நினைவுகளை மெல்ல மெல்ல எதிர்கொள்ளும் பயிற்சியும் ஒரே காலத்தில் கொடுக்கப்பட்டது. நினைவைக் கிளறினால் போதை கூடிவிடும் என்பதுதான் எல்லோரின் பயமும். 2012இல் முடிவு வெளிவந்தது. ஒன்பது மாதத்தில் வடுவின் வேதனை நன்றாகக் குறைந்திருந்தது, போதை கூடவில்லை.

எல்லா ஆய்வும் இப்படி இனிமையாக முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2001இல் அமெரிக்காவில் கெரி ரண்டல் குழு, சபைக் கூச்சமும் குடியும் சேர்ந்திருந்த 93 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுத்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குடித்தார்கள். நாலுபேர் கூடும் இடத்துக்குப் போய்ப் பழகுங்கள் என்று அனுப்பியபோது, அந்த இடத்தைத் தாங்கவே அவர்கள் குடித்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது என்றால் இரண்டையும் ஒரே வேகத்தில் இழுப்பது என்று ஆகாது. மருதமுனைத் தறியில் இழை சிக்கினால் நெசவாளி ஒரு நுனியைப் பிடித்து இழுக்கமாட்டார், முடிச்சு இறுகிவிடும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தளர்த்துவார்.

இந்தத் தளர்த்தல் சில வேளை ஒரு மாடிப்படியில் நடக்கிறது. உளவளத்துணையாளர் அந்த இளைஞனைப் படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வார். நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், கை வேர்க்கும். குளிசை கேட்கும் வேளையில் வரும் அதே அடையாளங்கள். பிறகு படியிலேயே அவனை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார். சில நிமிடங்களில் நெஞ்சு தானாக அடங்கும். குளிசை இல்லாமல் அடங்கும். ஆண்டுக்கணக்கில் அவன் உடல் கண்டிராத காட்சி அது. பத்துத் தரம் பார்த்தால் கொஞ்சம் நம்பத் தொடங்கும்.

போதை வேட்கைக்கும் இப்படி ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் அதை அலைமேல் சவாரி என்றார். வேட்கை எழும், உச்சிக்குப் போகும், இறங்கும், எதிர்க்காமல் அதன்மேல் இருந்து பார் என்பது அதன் சாரம். அருமையான முறை. ஆனால் எங்கள் கரையில் கண்ணை மூடச் சொல்லி அலையை நினைக்கச் சொல்லாதீர்கள். கச்சான் காற்றைச் சொல்லுங்கள். மத்தியானம் முகத்தில் நெருப்பாய் அடிக்கும், பொழுது சாய்ந்தால் தணிந்துவிடும்.

மருந்துகளும் உதவும். சேட்ரலின் போன்றவை பழக்கத்துக்கு இழுக்காதவை, ஆனால் வேலை தொடங்கச் சில கிழமைகள் எடுக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் நிம்மதி கண்டு பழகியவர் மூன்றாம் நாளே 'இது சரியில்ல' என்று எறிந்துவிடுவார். அதை முன்கூட்டியே அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லாத வைத்தியம் பாதி வைத்தியம். டயசெபாம், அல்ப்ரசோலம் வகை உடனே கேட்கும், உடனே பழகவும் வைக்கும், இவர்களுக்கு மிகக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும்.

அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று கிடக்கின்றன. எங்களுக்கு அவை மலைக்கு அந்தப் பக்கம். சிங்களம் சரளமாய் வராத பொடியன் தன் நெஞ்சுப் பதகளிப்பை அங்கே எந்தச் சொல்லால் அவிழ்ப்பான்? கதைத்து மனதை ஆற்றும் சிகிச்சையில் மொழிதான் மருந்துக் கரண்டி. 2022 நவம்பரில் திருத்திய சட்டம் 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. விற்பவனை நினைத்துச் செய்த சட்டம், ஆனால் அதன் நிழல் ஏற்கெனவே பயத்தில் இருப்பவன்மீது முதலில் விழுகிறது. அவன் இன்னும் உள்ளே ஒளிகிறான்.

வீட்டார் பலர் முதலில் போவது ஓதிப் பார்ப்பவரிடம். அதை நான் குறையாக எண்ணவில்லை. பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கு என்று சொல்லும் உம்மா, இவன் கெட்டவன் என்று சொல்ல மறுக்கிறார், அவனுக்கு ஏதோ நடந்திருக்கு என்கிறார். அந்த இரக்கத்தின்மேல் வைத்தியம் கட்டலாம். ஓதித் தண்ணீர் கொடுக்கும் மௌலவி, 'நித்திரை வருதா மகன்?' என்று கேட்டு வைத்தியசாலைக்கும் போகச் சொன்னால் எத்தனையோ பேர் வெட்கப்படாமல் வருவார்கள். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தொடாமல் இருந்து, இஷாவுக்குப் பிறகு தோற்றுப் போகிறவர்கள் நிறையப் பேர். பகலில் தாங்கிய அந்த வலிமையைப் பாராட்டி, இரவில் என்ன வருகிறது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அன்று அந்த அறையிலிருந்து உம்மாவும் மகனும் வெளியே வரும்போது அவர் கையில் இரண்டு துண்டுகள். ஒன்று உளநலக் கிளினிக்குக்கு, திங்கட்கிழமை. மற்றது போதைக்கான உளவளத்துணைக்கு, அடுத்த வியாழன், வேறோர் இடத்தில். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர் திரும்பிக் கதவைத் தள்ளினார்.

"டொக்டர், ரெண்டு நாளும் இவனக் கூட்டி வர எனக்கு ஏலாது. ரெண்டையும் ஒரு நாளையில வெச்சித் தாங்களன்."

டொக்டர் துண்டுகளை வாங்கினார். கொஞ்ச நேரம் யாருக்கோ போன் எடுத்துக் கதைத்தார். பிறகு பேனையை எடுத்து, வியாழன் என்றிருந்ததை வெட்டினார்.