ஏலாத கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. பதினொராம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிசைகளை எப்போது கொடுப்பது என்று தெளிவாக எழுதித் தந்தார்கள். கையையும் காலையும் எப்படி அசைப்பது என்பதை பிசியோதெரபி செய்பவர் கட்டிலருகே பத்து நிமிடம் காட்டித் தந்தார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பாடம் விளங்காமல் தலையாட்டும் பிள்ளைகளை இருபது வருடமாக வகுப்பில் பார்க்கிறவன், அன்று அவர்களில் ஒருவனாக நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்தது, வாப்பாவை அசைக்காமல் வைத்திருந்ததுதான். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்றோம். மூன்று கிழமையில் முழங்கை மடிந்து நெஞ்சோடு ஒட்டியது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் வெட்டக்கூட வழியில்லாமல் போனது.

அசையாத மூட்டைச் சுற்றியுள்ள தசையும் நாரும் மெல்லமெல்லச் சுருங்கும். பாரிசவாதத்தில் தசை தானாக இறுகுவதும் உண்டு. பல மாதங்கள் கழித்து மூளை தேறி, "கையே விரி" என்று கட்டளையிடும்போது மூட்டு பூட்டிப் போயிருந்தால் பயனில்லை. வீட்டில் நாங்கள் கொடுக்கும் அசைவு நோயைக் குணமாக்காது. குணம் வரும்போது மூட்டு வழிவிட வேண்டும் என்பதற்காகவே அது.

மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துத் தாங்கி, மெதுவாக அசைக்க வேண்டும். ஒரு மூட்டுக்கு ஐந்து முதல் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு முறை என்பது பொதுவான அளவு. இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பொறுங்கள். அதைத் தாண்டித் தள்ள வேண்டாம். கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். பேச முடியாதவருக்கு வலித்தால் முகந்தான் சொல்லும். மடங்கிய விரல்களை நேரடியாகப் பிரிக்கப் போகாதீர்கள். மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முழங்காலின் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் பாதம் கீழ்நோக்கித் தொங்கிப்போய், பிறகு நடக்கும்போது நிலத்தில் இழுபடும்.

கொஞ்சமாவது தானாக அசைக்க முடிந்தவருக்கு மிச்சத்துக்கு மட்டும் கைகொடுக்க வேண்டும். முழுதாகச் செய்ய முடிந்தவரை, நேரம் எடுத்தாலும், செய்யவிட வேண்டும். எங்கள் வீடுகளில் மிகக் கஷ்டமான காரியம் இதுதான். இடக்கையால் கரண்டி பிடிக்க முடிந்த வாப்பாவுக்கு உம்மா ஒரு மாதம் ஊட்டிவிட்டார்.

தோளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்தால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அந்த நிலையில் கையைப் பிடித்துத் தூக்கினாலும், கக்கத்துக்குள் கைவிட்டுத் தூக்கினாலும் தோள் சேதமாகும். அந்த நோவு மாதக்கணக்கில் நீங்காது. சுகம் விசாரிக்க வருகிறவர்கள் ஸலாம் சொல்லி அந்த வலக்கையையே பிடித்து இழுத்துக் குலுக்குவார்கள். அன்புதான், ஆனால் கெடுதல். கப்பி கட்டி, நல்ல கையால் ஏலாத கையை மேலே இழுக்கவைப்பதும் கூடாது. தோள்மட்டத்துக்கு மேலே உயர்த்துவதை பிசியோ காட்டித் தந்த விதத்தில் மட்டும் செய்யுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள்.

கட்டிலிலிருந்து எழுப்பும்போது ஒருபக்கமாகத் திருப்பி, கால்களைக் கீழே இறக்கி, தோள்பட்டைக்குப் பின்னால் தாங்கி உட்காரவையுங்கள். உடனே நிற்கவைக்க வேண்டாம். படுத்தே கிடந்தவருக்கு எழும்பியதும் இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும்; சில நிமிடம் இருக்கட்டும். கதிரையை நல்ல பக்கத்தில், கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள். வீல்செயார் என்றால் பிரேக் போட்டு, கால்மிதியை விலக்கிவிடுங்கள். இடுப்பைப் பிடித்தே எழுப்ப வேண்டும். வாப்பா சாரத்துக்கு மேலே கட்டும் பழைய அகலப் பெல்ட் இதற்குத்தான் உதவியது. உங்கள் முழங்காலை மடக்கி நில்லுங்கள், முதுகை வளைத்துத் தூக்கினால் வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆகிவிடும்.

ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோவெடுத்தால் அசைக்கவும் வேண்டாம், எண்ணெய் பூசித் தேய்க்கவும் வேண்டாம். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

துண்டு வெட்டுமுன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் காட்டுவதைப் பார்த்துவிட்டு வராமல், அவர்கள் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து பிழை திருத்திக்கொள்ளுங்கள். அனுமதித்தால் போனில் வீடியோவும் எடுங்கள். காட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். கற்றுக்கொள்ள அது போதாது என்று ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன்.

வாப்பாவின் விரல்கள் இப்போது முக்கால்வாசி விரிகின்றன. முழங்கை இன்னும் முழுதாக நீளவில்லை. யாராவது பார்க்க வந்தால் என் சின்ன மகள் கட்டிலின் வலப்பக்கம் ஓடிப்போய் நின்றுகொள்வாள். "அப்பாட இந்தக் கையப் புடிக்காதீங்க, அங்கால வாங்க" என்பாள்.