நடுவர் நிற்க வேண்டிய இடம்

மண்ணாடிப்பட்டு வட்டாரம் வழியே பாயும் சங்கராபரணியின் வீடூர் அணை 1959இல் கட்டப்பட்டது. அணை தமிழ்நாட்டில், அதன் பாசனத்தில் புதுவை நிலங்களுக்கும் பங்குண்டு. ஆறு ஆட்சி எல்லையை அறியாது. ஆகவேதான் அரசுகளுக்கு மேல் நிற்கும் நடுநிலை அமைப்புகள் தேவையாகின்றன.

காவிரியில் அத்தகைய அமைப்பு உருவானது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் புதுவையின் 7 டி.எம்.சி. பங்கை உறுதிசெய்தது. அவ்வாண்டு ஜூனில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. நான்கு அரசுகளின் பிரதிநிதிகளும் அதில் அமர்கின்றனர். ஓர் அரசு இணங்க மறுத்தால், ஆணையம் மத்திய அரசின் உதவியையே நாட வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கியின் நிலை வேறு. அதன் நிர்வாகிகள் எந்த அரசிடமும் கட்டளை பெறலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் விதி.

எது நீதிக்கு நெருக்கமானது? தம்பதியர் பிணக்கில் இரு குடும்பத்தாரிடமிருந்தும் நடுவர்களை நியமிக்குமாறு திருமறை (4:35) பணிக்கிறது. எனவே உரியோர் அவையில் அமர்வது குறையன்று. இணக்கம் நாடாமல் அமர்வதே குறை. அவ்விணக்கம் கைகூடாதபோது தலைவரின் நடுநிலையே காப்பு. அதற்கு அவருடைய பதவிக்காலமும் நிதியும் நீரளவைக் கணக்கும் எவர் தயவிலும் இருத்தலாகாது.

எனினும் சுதந்திரம் என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட நிலையன்று. ஐரோப்பிய வங்கியின் தலைவரும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன் விளக்கமளிக்கிறார். அங்காடியின் தராசைச் சோதித்த முஹ்தஸிபும் தம் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. அதிகாரம் ஓர் அமானிதம் என்று நாம் ஓதிக்கொடுப்பதன் பொருள் இதுதான். காரைக்காலின் கடைமடை உழவர் ஆணையத்தின் விதிகளைப் படிப்பதில்லை. வாய்க்காலில் நீர் வந்ததா என்றே பார்க்கிறார்.