சந்நியாசியின் கோணல் விரல்

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நகர வீதியொன்றில் கனவான் ஒருவர் நடந்து வந்தால், அவர் வந்து சேர்வதற்குச் சற்று முன்னதாகவே அவருடைய பாதரட்சையின் மூக்கு வந்து சேர்ந்துவிடும். போலந்து நாட்டு மோஸ்தர் என்று கருதப்பட்டமையால் ‘பூலேன்’ என்று பெயர் பெற்ற அந்தத் தோல் பாதரட்சைகள், முனை தொய்ந்து மடிந்துவிடாதபடி உள்ளே பாசியும் ரோமமும் திணிக்கப்பெற்று, கூர்ந்து நீண்டிருந்தன.

மூக்கு எவ்வளவு நீண்டாலும் அதற்குள் விரல் நீளப்போவதில்லை. விசிறிபோல் விரிந்து நிற்க வேண்டிய ஐந்து விரல்களும் ஒரு கூம்புக்குள் ஒடுங்கியாக வேண்டும். அப்போது பெருவிரல் தன் அண்டை விரலின்மேல் சாய, அதைத் தாங்கும் நீண்ட அடியெலும்பு எதிர்ப்புறமாக விலக, இரண்டும் கூடும் மூட்டு பாதத்தின் உட்பக்கத்தில் முண்டாகப் புடைத்துக்கொள்கிறது. வைத்தியர்கள் இதை ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்பார்கள். தசையெல்லாம் மண்ணாகிப் போன பின்னரும் இந்த விகாரம் மறைவதில்லை. அடியெலும்பின் உருண்டைத் தலையைக் கையிலெடுத்துப் பார்த்தால், பெருவிரல் பொருந்தி அசைந்த வழவழப்பான பரப்பு, இருக்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டாம் விரலின் பக்கமாக நகர்ந்திருப்பதைக் காணலாம்.

கேம்பிரிட்ஜ் நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நான்கு இடுகாடுகளிலிருந்து எடுத்த 177 பேருடைய எலும்புகளை இவ்வாறு பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள், 2021-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையில் நூற்றுக்கு 6 பேரிடம் காணப்பட்ட இந்தக் கோணல், அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் 27 பேரிடம் காணப்படுகிறது. பெருவிரல் கோணுவதற்குப் பரம்பரையும் ஒரு காரணமே. ஆயினும் அதை மட்டும் சாட்சிக்கு அழைத்து இந்த ஏற்றத்தை விளக்கிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இடத்துக்கு இடம் காணும் பேதம் அதைவிட விசேஷமானது. செர்ரி ஹின்டன் என்ற கிராமத்து இடுகாட்டில் 3 சதவிகிதம். நகரத்து ஏழை எளியவர்களைப் புதைத்த இடத்தில் 10. தர்ம ஆஸ்பத்திரியின் இடுகாட்டில் 23. அகஸ்டினிய சந்நியாசிகளின் மடத்திலோ 43!

மடத்துக்குப் பொருளுதவி செய்த செல்வர்களையும் அங்கே அடக்கம் செய்ததுண்டு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இடுப்பு வாரின் கொக்கியைக்கொண்டு சந்நியாசிகளே என்று அடையாளம் கண்ட பதினொருவரில் ஐவருக்கு விரல் கோணியிருந்தது. மதகுருமார் கூர்முனைப் பாதரட்சை அணியலாகாதென்று 1215-இலேயே திருச்சபை விதித்திருந்தது. அவர்களுடைய உடை சம்பந்தமாக 1281-இலும் 1342-இலும் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்ததென்றால், முதல் விதி எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிரபு பதவிக்குக் கீழ்ப்பட்டவர்களின் பாதரட்சை முனை இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளலாகாதென்று 1463-இல் நான்காம் எட்வர்ட் அரசனும் ஒரு சட்டம் செய்து பார்த்தான்.

விஷயம் விரலோடு நிற்கவில்லை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் பூமியைக் கடைசியாக உந்தித் தள்ளுவது பெருவிரலாகையால், அது சாய்ந்துவிட்டால் நடையின் நிதானமும் குலைகிறது. விரல் கோணியவர்களிடம், அதிலும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களிடம், எலும்பு முறிந்து கூடிய வடுக்கள் மற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகம். தடுக்கி முன்புறமாக விழும்போது தற்காப்புக்காக நீட்டிய கையில் ஏற்பட்டவை என்று கொள்ளத்தக்க முறிவுகளும் அவற்றில் உண்டு.

இதனால், அகன்ற செருப்பணிந்த ஏழைகள் எலும்பு முறியாமல் சௌக்கியமாக வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இதே ஆராய்ச்சிக் குழுவினர் முறிவுகளை மட்டும் தனியே கணக்கிட்டபோது, மடத்தில் 32 சதவிகிதத்தினருக்கும், விரல் கோணல் குறைவாயிருந்த அந்த நகரத்துப் பாட்டாளிகளில் 44 சதவிகிதத்தினருக்கும் எலும்பு முறிந்திருந்தது. அவர்களை வீழ்த்தியது மோஸ்தர் அல்ல, வேலை.