கற்பிட்டிக் கிணறும் கொழும்பு வர்த்தமானியும்

புத்தளம் பகுதியில் ஹாட்வெயார் வியாபாரம் செய்யும் என்னிடம் அண்மைக் காலமாக அதிகம் விசாரிக்கப்படும் பொருள் தண்ணீர் வடிகட்டிதான். முதலில் விலையைக் கேட்பார்கள். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள். "நானா, இதப் பூட்டினா தண்ணியில இருக்கிற பசளையும் போகுமா?"

நியாயமான கேள்வி. பதில்தான் வியாபாரத்துக்கு உகந்ததல்ல. பீங்கான் வடிகட்டி கலங்கலை எடுக்கும். கரி வடிகட்டி மணத்தை எடுக்கும். நைத்திரேற்றை இரண்டுமே எடுக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் செறிவு கூடவே செய்யும். 'ஆர்ஓ' இயந்திரம் எடுக்கும், ஆனால் அதன் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் வந்த வழியே திரும்பி விடுகிறார்கள்.

கற்பிட்டியின் நிலம் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அந்தப் படைதான் குடிப்பதற்கும் வெங்காயம், மிளகாய், பீற்றூட் பாத்திகளுக்கும் கிணறு வழியாக வருகிறது. யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. களிமண் என்றால் தண்ணீர் மெதுவாக இறங்கும், பயிருக்கு உறிஞ்ச அவகாசம் இருக்கும். மணலில் அந்த அவகாசம் இல்லை. காலையும் மாலையும் இறைக்கும் தண்ணீர் பசளையைக் கரைத்துக் கொண்டு அதே கிணற்றுக்கே போய்ச் சேருகிறது. விவசாயி காசு கொடுத்து வாங்கிய பசளை அவருடைய வீட்டுக் குடத்துக்கே வருகிறது என்பதுதான் இதன் சுருக்கம்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வைத்துள்ள எல்லை. புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை மனதில் வைத்தே இது முக்கியமாக வகுக்கப்பட்டது. எல்லை மீறிய தண்ணீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். கற்பிட்டி நிலத்தடி நீரில் இந்தப் பிரச்சினை இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். 1990களிலும் எழுதினார்கள். ஆய்வுகள் நூலகங்களில் இருக்கின்றன. கற்பிட்டி விவசாயியின் கையில் இல்லை.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று இன்றுவரை எதுவும் உறுதியாகவில்லை. களைநாசினியான கிளைபோசேட்டும் கடினநீரும் சேர்ந்து காரணமாகலாம் என்று நமது நாட்டு ஆய்வாளர்கள் சிலர் 2014இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். கருதுகோள் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. சோதனை முடியுமுன்பே, 2015இல், தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் முழுதாக நீக்கினார்கள். இடையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி முழுவதையுமே ஒரு வர்த்தமானியால் நிறுத்தினார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் இந்தச் சிறுநீரக நோயும் ஒன்று. நவம்பரில் அதே அரசாங்கம் பின்வாங்கியது. ஆனாலும் 2022இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அரிசி வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, உறுதியாகாத விடயத்துக்கு ஒரே இரவில் சட்டம். அளந்து கண்ட விடயத்துக்கோ நாற்பது வருட மௌனம். விஞ்ஞானத்தின் பெயரால் கொள்கை வகுப்பது இதுதான் என்றால், எங்கள் கடைக் கணக்கப்பிள்ளைக்கு அதைவிட ஒழுங்கு தெரியும்!

பசளையைத் தடை செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. கற்பிட்டி வெங்காயம் பசளையின்றி வராது. ஆனால் மணல் நிலத்துக்கு ஒரே தடவையில் மூடை மூடையாகக் கொட்டுவது வீண் செலவு. அதே அளவைப் பல தடவைகளாகப் பிரித்துப் போடலாம். மண்ணைப் பரிசோதித்து அளவைக் குறைக்கலாம். வாய்க்காலுக்குப் பதில் சொட்டு நீர்ப்பாசனம் பூட்டலாம் (அதன் குழாயை விற்பவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). இவற்றை விவசாயிக்கு யார் சொல்வது? ஊரில் அவருக்குப் பக்கத்திலிருக்கும் ஆலோசகர் பசளைக் கடைக்காரர்தான். குறைத்துப் போடுங்கள் என்று சொல்லி எந்தக் கடைக்காரருக்கு இலாபம்?

வேறு நாடுகள் இதைச் செய்து காட்டியுள்ளன. டென்மார்க் 1987இல் நைதரசன் இழப்பைப் பாதியாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பயிருக்கு ஏற்ப அளவு வகுத்தார்கள், பண்ணைகளிடம் பசளைக் கணக்குக் கேட்டார்கள், நாடு முழுவதும் நிலத்தடி நீரை அளந்தார்கள். இழப்பும் பெருமளவு குறைந்தது. எல்லாப் பண்ணைக்கும் ஒரே கெடுபிடி என்று விவசாயிகள் முறையிட்ட பிறகு, இடத்துக்கு ஏற்றவாறு விதியை மாற்றவும் செய்தார்கள். அளவீடு கையில் இருந்ததால்தான் மாற்றவும் முடிந்தது.

எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. கிணற்று நீரைப் பரிசோதிக்க நீர் வழங்கல் சபை இருக்கிறது, மண்ணுக்கு விவசாயத் திணைக்களம், குழந்தைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி. மூன்று கந்தோர், மூன்று கோப்பு. இந்த மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டு வரக்கூடிய இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. கற்பிட்டிக் கிணறுகளை வருடத்தில் இரு தடவை, மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவை ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்று அதன் கூட்டத்தில் பிரேரிக்க நமது உறுப்பினர் ஒருவராவது முன்வருவாரா? அதுவரை, கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டோடு கடைக்கு வாருங்கள். எந்த வடிகட்டி தேவை, தேவையே இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லலாம்.